அடைக்கலமாக வந்த உயிர்

நமது ஆலயங்களிலே அர்த்தசாமப் பூசை நிறைவுற்ற பின் இறுதியாகத் தீபம் காட்டப்பெறுவது வைரவப் பெருமானுக்கேயாகும். திருக்கதவம் காப்பிட்டுத் திறவுகோலை அவரிடம் ஒப்புவிப்பது ஆன்றோர் வகுத்த மரபு. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே ஆலமரத்தடியிலும் வேப்பமரத்தடியிலும் சூலம் ஒன்றே மூர்த்தமாக அவர் வீற்றிருப்பார். அவருக்கு வடைமாலை சாத்தாத வீடு ஊரிலே அரிது. காவல் தெய்வமாகிய அப்பெருமானின் பின்னே வாகனமாக நிற்பது நாய். விபூதி பூசி, கண்ணை மூடி, கன்னத்திலே போட்டுக் கொள்ளும் அடியவர், வெளிவீதிக்கு வந்ததும் அதே நாய் ஒன்று தேங்காய்ச் சொட்டுக்காகக் கிட்ட வந்தால் குனிந்து கல்லெடுக்கிறார். மணிவாசகப் பெருமான் திருவாசகம் எங்கணும் தம்மை நாயென்றே தாழ்த்திப் பாடியிருக்கிறார். அதனைக் கண்ணீர் மல்க ஓதிவிட்டு வருபவரும் இதற்கு விலக்கல்லர்.

கல்லெறிவது ஒருபுறமிருக்க, அதனிலும் கொடிய வழக்கம் ஒன்று அண்மைக் காலமாக வளர்ந்து வருகின்றது. கொடியேற்றம் தொடங்கித் தேர், தீர்த்தம், பூங்காவனம் என மகோற்சவம் இனிதே நிறைவெய்தி வைரவர் மடையும் முடிந்த மறுநாள், தேர்முட்டியடியில் அல்லது கேணிக்கரையில் ஓர் உரப்பை கிடக்கும். உள்ளே கண் திறந்து சில நாட்களேயான நாய்க்குட்டிகள் மூன்றோ நாலோ. பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள். கடுவன் குட்டிகளை யாராவது கேட்டு வாங்குவார்கள், பெட்டையை வேண்டுவாரில்லை. கொண்டுவந்து போட்டவர் மனச்சாட்சிக்கு ஒரு சமாதானமும் வைத்திருப்பார்: “கோயிலடியிலே தானே விட்டது, அன்னதானச் சோறு கிடைக்கும், வைரவர் பார்த்துக் கொள்வார்.”

அன்னதான அடுப்பு திருவிழாவுடன் அணைந்து விடுகிறது என்பதை அவர் எண்ணுவதில்லை. பால் மறவாத குட்டி சோற்றைத் தின்னாது என்பதையும் எண்ணுவதில்லை. வெயில், காகம், வீதியாற் போகும் வாகனம் என்று ஒவ்வொன்றாக வந்து, கிழமை முடிவதற்குள் கணக்கு முடிந்து விடும். தெய்வத்தின் வாசலில் ஓர் உயிரை விட்டால் அது அடைக்கலம் கொடுத்ததாகாது. தன் கையைக் கழுவி அந்த நீரைச் சந்நிதியிலே ஊற்றியதாகவே முடியும். உள்வீதிக்கு நாய் வரலாகாது என்ற ஆசாரம் இருக்கிறது; அது பேணப்பட வேண்டியதே. ஆயின் மறித்துக் கலைப்பது வேறு, காலை முறிப்பது வேறு. ஆசாரத்தின் பெயரால் இரண்டாவதைச் செய்பவர் முதலாவதை அறியாதவர்.

பாரதத்தின் முடிவிலே தருமர் வடதிசை நோக்கி நடந்த கதை யாவரும் அறிந்தது. திரௌபதியும் தம்பியர் நால்வரும் வழியில் வீழ்ந்த பின்னும் நாய் ஒன்று அவரைத் தொடர்ந்தது. இந்திரன் தேருடன் வந்து, நாய்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை, அதை விட்டு ஏறுக என்றான். அண்டி வந்ததைக் கைவிட்டு வரும் சுவர்க்கம் தமக்கு வேண்டாமென்றார் தருமர். நாயாக வந்தது அறக்கடவுளே என்பது பிறகு தெரிந்தது. பிரசங்கிமார் இவ்வளவோடு நிறுத்தி விடுவர். கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. அது தருமர் அரண்மனையில் ஆசையாய் வளர்த்த நாய் என்று பாரதம் சொல்லவில்லை. நகரை விட்டுப் புறப்பட்ட போது தானே கூட வந்த நாய் அது. சொந்த நாய்க்கு இரங்குவது இயல்பு. வழியிலே வந்து சேர்ந்ததற்கு, சேர்ந்த கணம் முதல் பொறுப்பேற்பதே தருமர் காட்டிய தருமம்.

“எல்லாம் சரி, எங்கள் வளவில் ஏற்கெனவே இரண்டு நிற்கிறது, மூன்றாவதை எப்படி வைப்பது” என்பார் உண்டு. “பிள்ளைகளிடம் வெளிநாடு போக இருக்கிறோம்” என்பாரும் உண்டு. இவை பொய்யான சாட்டுகள் அல்ல. ஓர் உயிரை அதன் ஆயுள் முழுவதும் வைத்துப் பராமரிக்க எல்லோராலும் இயலாது. ஆனால் ஆயுள் முழுவதும் வைத்திருத்தல், வீதியிலே விடுதல் என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்று இருக்கிறது. காயம் ஆறும் வரை, பால் மறக்கும் வரை, நல்ல இடமொன்று அமையும் வரை சில மாதங்களுக்கு மட்டும் வீட்டிலே வைத்துப் பார்த்து, பின்னர் நிரந்தரமாக வளர்ப்பாரிடம் ஒப்படைப்பது. மேல்நாடுகளிலே இதனை ஒரு முறையான தொண்டாகவே செய்கின்றனர். நமது மண்ணுக்கு இது புதிதென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாதையால் தென்மராட்சிக்கு நடந்த போது, முன்பின் அறியாதவர்கள் தம் விறாந்தைகளைத் திறந்து விட்டார்கள். ஒரு கிணற்றிலே பத்துக் குடும்பம் தண்ணீர் அள்ளியது. எத்தனை நாளைக்கென்று அவர்கள் கேட்கவில்லை. இது உங்கள் வீடு என்று எழுதித் தரவுமில்லை. மறு ஆண்டு சித்திரை தொடக்கம் ஊர் திரும்பும் வரை ஒதுங்க இடம் தந்தார்கள், அவ்வளவே. அந்த இரவிலே படலையைச் சாத்திவிட்டு வந்த வீடுகளில் நாய்கள் நின்றதும், திரும்பிப் போன போது அவற்றிற் பல இல்லாததும் மறக்கக் கூடியனவல்ல. ஒதுங்க இடமின்றி நிற்பது எப்படியிருக்கும் என்று இந்த ஊருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இதற்குப் பெரியோர் சிலர் எழுப்பும் தடை ஒன்றுண்டு. அது புறக்கணிக்கத் தக்கதன்று. “பரதர் மான்குட்டியை வளர்த்து மானாய்ப் பிறந்த கதை தெரியாதோ” என்பர். பாகவதத்தின் ஐந்தாம் கந்தத்திலே வருவது அது. அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவமிருந்த பரதர், சிங்கத்தின் கர்ச்சனைக்கு அஞ்சித் தாவிய பெண்மான் ஆற்றிலே குட்டியை ஈன்று இறந்தது கண்டு, நீரில் மிதந்த குட்டியை எடுத்து வளர்த்தார். நாளடைவில் நித்திய கருமங்கள் தவறின. குட்டி புல் மேயப் போனால் மனமும் கூடப் போயிற்று. இறக்கும் தறுவாயிலும் மானையே நினைந்து, மறுபிறப்பில் மானாயினார். ஆகவே பிராணிகள் மேல் இரக்கம் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்வோர் கதையைப் பாதியிலே விளங்கிக் கொண்டவர்கள். ஆற்றிலிருந்து எடுத்தது பரதரின் குற்றமன்று. எடுக்காமல் ஜெபமாலையை உருட்டிக் கொண்டிருந்தால் அதுவே குற்றமாயிருக்கும். குட்டி வளர்ந்த பின், கூட்டத்தோடு போய்ச் சேரும் பருவம் வந்த பின்னும் “என்னுடையது” என்று பற்றியதே அவரைக் கட்டியது.

நமது சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என முப்பொருள் பேசுகிறது. பாசம் என்றால் கயிறு, உயிரைக் கட்டுவது. அதே சொல்லைத்தான் வீட்டிலே அன்புக்கும் வழங்குகிறோம். ஓர் உயிரின் நன்மைக்காக வருந்துவது அன்பு. அந்த உயிர் தன்னிடமே இருக்க வேண்டுமென்று வருந்துவது பாசம். இரண்டையும் பிரித்தறிய வேறு பயிற்சி தேடத் தேவையில்லை. ஒரு குட்டியை ஐந்து மாதம் கண்ணாக வளர்த்து இன்னொருவர் கையிலே கொடுத்துப் பார்த்தால் தானே விளங்கும். மாலினி ஆற்றங்கரையிலே பறவைகள் சூழக் கிடந்த குழந்தையை எடுத்து வளர்த்த கண்ணுவ முனிவர், சகுந்தலையை உரிய காலத்திலே கணவன் வீட்டுக்கு அனுப்பினார். துறவியாகிய அவரும் அன்றைக்குக் கலங்கியதைக் காளிதாசர் நாடகத்திற் காட்டுகிறார். கலங்கினார், ஆனாலும் அனுப்பினார்.

ஊரிலே ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரும் அவர் மனைவியும் இருக்கின்றனர். பிள்ளைகள் கனடாவில். ஒரு வருடம் வைரவர் மடைக்கு மறுநாட் காலை, பூ ஆயச் சென்ற அம்மா தேர்முட்டியடியில் உரப்பையைக் கண்டார். நாலு குட்டிகளில் இரண்டு முடிந்து விட்டன. ஒன்றைத் தேநீர்க் கடைக்காரர் எடுத்துக் கொண்டார். மிஞ்சியது பின்னங்காலில் அடிபட்ட மண்ணிறப் பெட்டை. அம்மா அதைச் சேலைத் தலைப்பிலே சுற்றிக் கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

“தையிலை கனடாவுக்குப் போறம். பிறகு இதை ஆர் பாக்கிறது?” என்றார் தபாலதிபர்.

“இஞ்சாருங்கோ, தை வரைக்கும் நாங்கள் பாப்பம். அதுக்குள்ளை நல்ல இடமாப் பாத்துக் குடுப்பம்.”

பெயர் வைப்பதில்லை, கொண்டு போகிறவர் வைக்கட்டும் என்று இருவரும் தீர்மானித்தனர். ஆனால் மூன்றாம் நாளே அம்மா “பிள்ளை” என்று கூப்பிடத் தொடங்கி விட்டார். பிள்ளையோ தபாலதிபரின் ஒரு சோடிச் செருப்பையும், அவர் இருபது வருடமாகப் பத்திரப்படுத்தி வைத்த ஓய்வூதியக் கோவையின் ஓரத்தையும் கடித்துத் தீர்த்தது. பசுப்பால் கொடுத்ததில் வயிற்றோட்டம் பிடித்து, மிருக வைத்தியரிடம் ஓட்டோவில் இரண்டு முறை ஓட நேர்ந்தது. கந்தசஷ்டி வந்தது, வீட்டிலே மச்சம் இல்லை. பருப்பும் சோறும் மட்டும் தின்ற குட்டி வாடிப் போவதைக் கண்ட பக்கத்து வீட்டுப் பெண், தன் அடுப்பிலே சூடை மீன் அவித்து முள் எடுத்து, சிரட்டையில் வைத்து வேலிப் பொட்டுக்குள்ளால் ஆறு நாளும் நீட்டினாள். விரதம் அனுட்டித்தவருக்கும் மீன் அவித்தவளுக்கும் புண்ணியத்தை எந்த விகிதத்திற் பங்கிடுவது என்பது சித்திரகுத்தனார் பாடு.

கார்த்திகை பிறந்ததும் இடம் தேடத் தொடங்கினார்கள். முதலிற் கேட்டவர் கட்டடம் கட்டுபவர். சீமெந்து மூட்டைகளுக்குக் காவலாகச் சங்கிலியிற் கட்டி வைக்க வேண்டுமென்றார். அம்மா மறுத்து விட்டார். “கேட்டு வாற ஒரு ஆளையும் கலைச்சுப் போட்டு இருக்கிறீர்” என்று தபாலதிபர் கோபித்துக் கொண்டார். இரண்டாவதாக ஒரு குடும்பம் கொண்டு போய், கோழியைக் கலைக்கிறது என்று நாலாம் நாள் திருப்பிக் கொண்டு வந்து விட்டது. அதிலே அவர்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. திருப்பித் தந்தார்களே, சந்தையடியில் விடவில்லையே. தையிலே, பயணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கையில், அயற்கிராமத்துத் தோட்டக்காரர் ஒருவர் பத்து வயது மகனுடன் சைக்கிளில் வந்தார். பொடியன் நிலத்திலே குந்தி ஒன்றும் பேசாமல் இருந்தான். பிள்ளை தானே போய் அவன் முழங்காலை முகர்ந்தது. தபாலதிபர் மறுநாள் அவர்களது வளவுக்குச் சென்று வேலியையும் தண்ணீர்ச் சட்டி வைக்கும் இடத்தையும் பார்த்து வந்தார். மூன்றாம் நாள் தடுப்பூசி அட்டையுடனும் அது படுத்த பழஞ்சேலைத் துண்டுடனும் ஒப்படைத்தாயிற்று. அம்மா படலைக்கு வரவில்லை. மறுநாட் காலை வழமை போலச் சட்டியிலே சோற்றைப் பிசைந்து கொண்டு முற்றத்துக்கு வந்தவர், அப்படியே நின்று விட்டாராம்.

ஆனியிலே கனடாவால் திரும்பி, இருவரும் தோட்டக்காரர் வீட்டுக்குச் சென்றனர். பிள்ளைக்கு அங்கே வேறு பெயர். ஓடி வந்தது, முகர்ந்தது, வாலை ஆட்டி அம்மாவின் காலடியிலே படுத்தது. வீதியிலே பொடியனின் சைக்கிள் மணி கேட்டதும் எழுந்து ஓடி விட்டது. வீடு வரும் வரை அம்மா பேசவில்லை. படலையைத் திறக்கும் போதுதான், “அதுக்கு இப்ப அவனிலைதான் வாரப்பாடு” என்றார். சொன்ன குரலிலே மனத்தாங்கலும் இருந்தது, மகிழ்ச்சியும் இருந்தது. அடுத்த ஆவணியில் அவர்கள் வீட்டிலே இன்னொரு குட்டி நின்றது.

இத்தொண்டிலே இரக்கத்துடன் அவதானமும் வேண்டும். வீதியில் எடுத்த குட்டியை இரண்டு கிழமைக்காவது வீட்டு நாய்களுடன் சேர்க்காமல் வேறாக வைத்தல் நன்று; பல நோய்கள் இருந்தால் அதற்குள் தெரிந்து விடும். தெள்ளு, உண்ணி, பூச்சி ஆகியவற்றுக்கு வைத்தியரிடம் மருந்துண்டு; மண்ணெண்ணெய் பூசுவது மருந்தன்று, வதை. சமைத்த கோழி எலும்பு தொண்டையிலும் குடலிலும் குத்தும். விசர்நாய்த் தடுப்பூசி எந்த வயதிலே, எத்தனை முறை என்பதை மிருக வைத்தியர் சொல்வார். அதன்படி தவறாது போட வேண்டும். குட்டியானாலும் பல்லோ நகமோ பட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டி இரண்டு நாள் பார்ப்போம் என்பது கூடாது. நீர்வெறுப்பு நோயின் குறிகள் தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது.

பெட்டைக் குட்டியாயின் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்துக் கொடுத்தலே முறை. அன்றேல் வளர்க்க எடுப்பவரிடம் அதற்கு உறுதி வாங்க வேண்டும். தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் பழைய வழக்கத்தை 2006 ஆம் ஆண்டில் அரசு கைவிட்டது. அதன் பின் தொகையைக் குறைக்க இருப்பது இந்தச் சிகிச்சை ஒன்றே. “வாயில்லாச் சீவனின் தாய்மையைப் பறிப்பது பாவமில்லையா” என்று கேட்போர், வருடத்தில் இரண்டு முறை நிறையும் உரப்பையை ஒருமுறை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

இராமாயணத்து உத்தரகாண்டத்தைச் சேர்ந்த கதையொன்று கோயிற் காரியங்களில் இருப்போர் அதிகம் சொல்ல விரும்பாதது. தலையிலே அடிபட்ட நாய் ஒன்று இராமர் வாசலுக்கு நீதி கேட்டு வந்தது. பிச்சை கிடைக்காத கோபத்தில் அந்தணர் ஒருவர் அதைத் தடியால் அடித்திருந்தார். என்ன தண்டனை விதிக்கலாம் என்று சபை தயங்கிய போது, இவரைக் காலஞ்சரத்தில் உள்ள மடத்துக்குத் தலைவராக்குங்கள் என்று நாயே வேண்டிற்று. அவரை யானை மேலேற்றி அனுப்பினார்கள். இது தண்டனையா, வெகுமதியா என்று சபை வியந்தது. முற்பிறவியிலே தானும் அந்தப் பதவியில் இருந்ததாகவும், எவ்வளவோ கவனமாக நடந்தும் இந்தப் பிறவி வாய்த்ததாகவும், கோபமும் கொடுமையும் உள்ள இவருக்கு என்ன வாய்க்குமென்று தாங்களே எண்ணிப் பாருங்கள் என்றும் நாய் கூறிற்று.

தெய்வத்தின் சொத்தைக் கையிலே வைத்திருப்பவனுக்குத் தர்மகர்த்தா என்று பெயர். அவன் அதற்கு உடையவன் அல்லன். விளக்குக்கு எண்ணெய் விடுவான், கணக்கு எழுதுவான், காலம் வந்தால் திறப்புக் கோர்வையை அடுத்தவரிடம் கொடுத்து விட்டு வெளிவீதியால் நடப்பான். தேர்முட்டியடியிற் குட்டியைத் தூக்கிய அம்மா அந்தக் குட்டிக்கு ஐந்து மாதம் தர்மகர்த்தாவாக இருந்தார். கூட்டம் வைத்து அவரைத் தெரிவு செய்யவில்லை, பொன்னாடையும் போர்த்தவில்லை.

இவ்வருட மகோற்சவத்திலிருந்து ஆலய அலுவலகத்திலே இதற்கெனப் பதிவேடு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. குட்டி கண்டெடுக்கப்பட்ட திகதி, நிறம், ஆணா பெண்ணா, இடைக்காலமாக வைத்திருப்பவர், ஊசி போட்ட நாள், நிரந்தரமாக ஏற்றவர், ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தவர் என ஏழு நிரல்கள் உள்ளன. கடைசி நிரலை வெறுமையாக விடலாகாது. சில மாதம் வைத்துப் பார்க்க விரும்புவோரும், வளர்க்க விரும்புவோரும் வெள்ளிக்கிழமைகளில் மாலைப் பூசையின் பின் தங்கள் பெயரைப் பதிந்து கொள்ளலாம். வீட்டில் நாய் குட்டி போட்டு வைக்க வழியில்லாதவர்களும் வந்து சொல்லலாம். ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். உரப்பை மட்டும் வேண்டாம்.